சொட்டுவது பம்புக்கு அழகு, சொட்டாதது சுக்கானுக்கு அழகு

மோட்டார், பம்பு, வால்வு என்று எதைக் கேட்டாலும் வெள்ளகோவில் கடைவீதியிலிருந்து பதில் வரும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி ஒரே சங்கதி: தண்டைச் சுற்றித் திணிக்கும் கிளாண்டு கயிறு. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: வட்டமலைக்கரை அணையில் தண்ணீரைப் பார்க்கவே வருசக்கணக்கில் காத்துக் கிடந்த சனம் நாம். பி.ஏ.பி. வாய்க்காலுக்கும் கடைமடை. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு படகுச் சுக்கானுக்கெல்லாம் யோசனை சொல்கிறீர்களாமே, கொஞ்சம் ஓவராக இல்லை?
– விவசாயி, உத்தமபாளையம்

பதில்: தண்ணீரிலேயே மிதக்கிறவருக்கு ஒரு சொட்டு பெரிசாத் தெரியாதுங்க. கடைமடைக்காரன்தான் சொட்டுக்குச் சொட்டு கணக்கு வைப்பான். தவிர, 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது, 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் கோவையில் மோட்டார் செய்தார்கள். அதற்கப்புறம் நம் சீமையில் கிணறு தவறாமல் பம்பு இறங்கியது. அன்றைக்குப் பிடித்த ஸ்பேனரை நாம் இன்னும் கீழே வைக்கவில்லை. தண்டு ஒரு சுவரைத் துளைத்துக்கொண்டு போகிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஈரம் ஆகாது. கிணற்றுக்குள்ளும் இதே வழக்குத்தான், கடலிலும் இதே வழக்குத்தான். வாதாட ஊர் எதுவானால் என்ன?

கேள்வி: தூத்துக்குடியில் சிநேகிதரோடு ஒரு விசைப்படகில் பங்கு போட்டிருக்கிறேன். சுக்கான் தண்டு படகுக்குள் நுழையும் இடத்தில் ஒழுக்கு. தண்டு 40 மி.மீ. ஸ்டெயின்லெஸ். எங்கள் ஆலை பம்புக்கு வாங்கிய கறுப்பு கிராஃபைட் கயிறு ஒரு கிலோவுக்கு மேல் மிச்சம் கிடக்கிறது. அதையே கொடுத்து அனுப்பலாமா என்று உங்கள் கடையில் கேட்டால், 'போடாதீங்க' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். காரணம் வேண்டாமா?
– அரிசி ஆலை உரிமையாளர், காங்கேயம்

பதில்: ஒரே வார்த்தையில் முடித்தவன் எங்கள் கடைப் பையன். பையன் சொன்னது சரி. காரணம் சொல்வது கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவன் வேலை, சொல்கிறேன்.

கயிறு வாங்கும் முன் தண்டு எப்படி அசைகிறது என்று பாருங்க. உங்கள் ஆலை பம்பு நிமிடத்துக்கு 1440 சுற்று. அதன் தண்டும் 40 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், தண்டின் மேற்பரப்பு கயிற்றை உரசிக்கொண்டு விநாடிக்கு 3 மீட்டர் ஓடுகிறது. சுக்கான் தண்டோ சுற்றுவதே இல்லை. திரும்புகிறது, அவ்வளவுதான். இந்தப் பக்கம் ஒரு 35 டிகிரி, அந்தப் பக்கம் ஒரு 35 டிகிரி. பெரிய கப்பல்களுக்கு சோலாஸ் என்று ஒரு சர்வதேச உடன்படிக்கை உண்டு. முழு வேகத்தில் போகும்போது சுக்கான் ஒரு பக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30 டிகிரிக்கு 28 விநாடிக்குள் வந்து சேர வேண்டும் என்கிறது அது. அந்த வேகத்தை உங்கள் தண்டுக்குப் போட்டுப் பார்த்தால், 28 விநாடியில் மேற்பரப்பு நகர்வது 23 மி.மீ. விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. உங்கள் ஸ்ராங்கு பயந்துபோய் சக்கரத்தை வெடுக்கென்று ஒடித்தாலும் இதில் சில மடங்குதான் வரும். பம்பில் மூவாயிரம், சுக்கானில் ஒன்று. ஒரே கயிறு இரண்டுக்கும் எப்படிங்க பொருந்தும்?

கிராஃபைட்டுக்கு நாம் காசு கொடுப்பது எதற்கு? உரசல் சூட்டைத் தாங்கும், அதை வெளியே கடத்தியும் விடும். சூடே பிறக்காத சுக்கானில் அந்தக் காசு தெண்டம். தெண்டத்தோடு போனால்கூட மன்னிக்கலாம், கெடுதலும் செய்கிறது. கிராஃபைட் என்பது கரி. டார்ச் கட்டையை உடைத்துப் பார்த்திருப்பீர்கள்: நடுவில் கரிக்குச்சி, சுற்றிலும் துத்தநாகம், இடையில் உப்புக் களி. கரிக்குச்சி அப்படியே இருக்கும், தகடுதான் அரித்துப் போயிருக்கும். கரியையும் ஸ்டெயின்லெஸ்ஸையும் உரசவிட்டுக் கடல்நீரையும் ஊற்றினால் நீங்கள் செய்து வைத்திருப்பது அதே கட்டை. அரிபடுவது தண்டு.

ஸ்டெயின்லெஸ்ஸுக்குத் துரு பிடிக்காது என்று நம்பிக்கொண்டிருக்காதீங்க. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று இருக்கிறது. கீறல் விழுந்தால் தானே வளர்ந்து மூடிக்கொள்ளும், ஆனால் வளர ஆக்சிஜன் வேண்டும். கயிற்றுக்கு அடியில் தேங்கி நிற்கும் தண்ணீரில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால்தான் படகு மாதக்கணக்கில் நின்றபின் தண்டைக் கழற்றினால், மேலும் கீழும் முகம் பார்க்கலாம் போல் பளபளப்பு, கயிறு இருந்த நாலு விரற்கடை மட்டும் குழி குழியாக. அந்தக் குழிமேல் எந்தக் கயிறு போட்டாலும் நிற்காது. அப்புறம் லேத் பட்டறைதான். 304 வகை ஸ்டெயின்லெஸ் இதில் 316ஐவிட சீக்கிரம் அடிவாங்கும். தண்டு எந்த வகை என்று சிநேகிதரிடம் கேட்டு வையுங்க.

சுக்கானுக்குக் காலங்காலமாகப் போடுவது ஆளி நார்க் கயிறு. நாரில் கொழுப்போ மெழுகோ கிரீஸோ ஊறவைத்துச் சதுரமாகப் பின்னியிருப்பார்கள். தண்ணீர் பட்டால் லேசாக உப்பி, இடுக்கைத் தானே அடைத்துக்கொள்ளும். தண்டைக் கடிக்காது. நம்மூர் எண்ணெய்க் கடைகளில் இப்போது ஆளி விதை என்று சின்னப் பொட்டலம் விற்கிறார்களே, அதே செடிதான். விதை நமக்கு, நார் படகுக்கு. இதற்கு ஒரே குறை, இயற்கை நார் என்பதால் கிரீஸ் கரைந்து வெளியேறியதும் விறைக்கும், நாள்பட்டால் மக்கும். வருசா வருசம் படகைக் கரையேற்றுகிறவருக்கு இது குறையே இல்லை. கரையேற்ற மாட்டேன், மூன்று நான்கு வருசத்துக்குத் தொட மாட்டேன் என்கிறவர் டெஃப்லான் ஊறிய வெள்ளைச் செயற்கை நார்க் கயிறு போடலாம். விலை கூடுதல், ஆனால் மக்காது. என் ஓட்டு ஆளி நாருக்கு.

மிச்சமிருக்கும் கறுப்புக் கயிற்றை வீணாக்க வேண்டாம். சுருளோடு வந்த சீட்டில் நீராவிக்கும் ஆகும் என்று போட்டிருந்தால் உங்கள் கொதிகலன் வால்வுக்கே ஆகட்டும்.

கேள்வி: சுக்கான் கிளாண்டில் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு அனுமதிக்கலாம்?
– பாலிடெக்னிக் மாணவர், தாராபுரம்

பதில்: சைபர். பரீட்சையில் இதற்கு மேல் எழுதினால் மதிப்பெண் குறையும்.

ஆனால் அதே படகில் இன்னொரு கிளாண்டு இருக்கிறது தம்பி, ப்ரொப்பல்லர் தண்டில். அங்கே பழைய முறைக் கயிறு போட்டிருந்தால் ஓடும்போது நிமிடத்துக்கு இரண்டு மூன்று சொட்டாவது விழ வேண்டும், இல்லாவிட்டால் கயிறு கருகும். இன்ஜின் நின்றதும் சொட்டும் நிற்க வேண்டும். ப்ரொப்பல்லர் தண்டு பம்புக்குப் பங்காளி. சுக்கான் தண்டு கேட் வால்வுக்குப் பங்காளி. இந்த உறவுமுறை தெரியாமல்தான் பாதிப் பேர் கயிறு வாங்குகிறார்கள்.

கேள்வி: தோட்டத்துப் பம்பில் கிளாண்டு சொட்டுகிறது. வீட்டுக்காரர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் இறுக்கிவிட்டு வருகிறார். பத்து நாள் போனால் முன்னைவிட அதிகமாக ஒழுகுகிறது. மறுபடியும் இறுக்குகிறார். அவரை என்ன செய்வது?
– இல்லத்தரசி, முத்தூர்

பதில்: ஸ்பேனரை ஒளித்து வைத்துவிடுங்க அம்மிணி.

பம்பு கிளாண்டில் விழும் சொட்டு வீணாகிற தண்ணீர் இல்லை. கயிற்றுக்கும் தண்டுக்கும் நடுவில் ஓடி, சூட்டை எடுத்துக்கொண்டு வெளியே வருகிற தண்ணீர். நிமிடத்துக்கு 40, 60 சொட்டு விழுந்தால் கிளாண்டு சௌக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம். 60 சொட்டு ஒரு நாள் முழுக்க விழுந்தாலும் நாலேகால் லிட்டர் சுமாருக்குத்தான் வரும். அரைக் குடம்கூட ஆகாது. அந்த அரைக் குடத்துக்கு ஆசைப்பட்டு இறுக்கினால் கயிறு காய்ந்து கருகிக் கட்டையாகிவிடும். கட்டையான கயிறு தண்டின்மேல் மாட்டியிருக்கும் ஸ்லீவைச் சுற்றி வாய்க்கால் வெட்டும். அந்த வாய்க்கால் வழியாகத்தான் இப்போது ஒழுகுகிறது. நகத்தை ஸ்லீவ்மேல் நீளவாக்கில் இழுத்துப் பாருங்க, மாட்டிக்கொண்டு நின்றால் ஸ்லீவ் மாற்ற வேண்டும். கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த அப்புச்சி காலத்தில் இந்தக் கவலை இல்லை. பறியில் பாதி வழியிலேயே சிந்தியது, யாரும் ஸ்பேனர் தேடவில்லை.

கேள்வி: பரிசலுக்கு எந்த கிளாண்டு கயிறு நல்லது?
– வாசகர், கொடுமுடி

பதில்: பரிசலுக்குச் சுக்கானே கிடையாது. துடுப்புப் போடுகிற ஆளின் தோள்தான் சுக்கான். அதற்கு வேப்பெண்ணெய் போதும்.

கேள்வி: நாகப்பட்டினத்தில் படகு வேலைக்கு வந்திருக்கிறேன். எங்கள் படகில் ஒரு விசித்திரம். கரையில் கட்டிக் கிடக்கும்போது சுக்கான் கிளாண்டில் ஈரமே இல்லை. ஐஸும் டீசலும் ஏற்றிக் கிளம்பினால் ஒழுக ஆரம்பிக்கிறது. கயிறு சரியில்லையா, ராசி சரியில்லையா?
– வெள்ளகோவிலிலிருந்து போன இளைஞர்

பதில்: ராசியை விடுங்க, படகு எவ்வளவு அமுங்குகிறது என்று பாருங்க. சுக்கான் தண்டு மேலே வருவதற்கு ஒரு குழாய் வைத்திருப்பார்கள். அதன் தலையில்தான் கிளாண்டு. காலிப் படகில் குழாயின் தலை நீர்மட்டத்துக்கு மேலே நிற்கிறது, அதனால் உங்கள் கிளாண்டுக்கு வேலையே இல்லை. கயிறு செத்துப்போயிருந்தாலும் தெரியாது. பாரம் ஏறிப் பின்பக்கம் அமுங்கியதும் அதே கிளாண்டு தண்ணீருக்குள் போகிறது. குட்டு வெளிப்படுகிறது. ஆக, கட்டிக் கிடக்கிற படகைப் பார்த்து 'ஒழுகல' என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீங்க. நாலு பேரைப் பின்பக்கம் ஏறி நிற்கச் சொல்லிவிட்டுப் பாருங்க.

படகு புதிதாகக் கட்டும்போதே குழாயை முழுப் பார நீர்மட்டத்துக்கு மேலே நீட்டிவிட்டால் கிளாண்டின் பாடு சுலபம். அலை அடித்து ஏறுகிற தண்ணீரைத் தடுத்தால் போதும். அதைவிடக் கெட்டிக்காரர்கள் தூத்துக்குடித் தோணி கட்டியவர்கள். சுக்கானைப் பின்கட்டைக்கு வெளியிலேயே கீல் போட்டுத் தொங்கவிட்டார்கள். உடம்பில் ஓட்டை இல்லை, ஓட்டை இல்லாததால் கிளாண்டு இல்லை, எனக்குக் கடிதமும் இல்லை.

உங்கள் விசயத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கரையேற்றும்போது சுக்கான் பலகையின் அடியை இரண்டு கையாலும் பிடித்து இடவலமாக ஆட்டுங்க. 'டொக் டொக்' என்று ஆட்டம் கொடுத்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. தண்டைத் தாங்குவது புஷ்ஷின் வேலை, கயிற்றின் வேலை இல்லை. புஷ்ஷை மாற்றாமல் கயிறு மட்டும் மாற்றினால், ஆடுகிற தண்டு புதுக் கயிற்றை ஒரே வாரத்தில் நீள்வட்டமாக நசுக்கி வழி விட்டுவிடும்.

கேள்வி: டெஃப்லான் கயிறு என்கிறார்களே, எங்கள் வீட்டுத் தோசைத் தவாவில் இருப்பதும் அதுவா?
– ஆசிரியை, சென்னிமலை

பதில்: அதே சாமான்தாங்க டீச்சர். 1938இல் டுபான்ட் கம்பெனியில் ராய் பிளங்கெட் என்பவர் குளிர்பதன வாயு தேடிக்கொண்டிருந்தார். சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை, உள்ளே வெள்ளைப் பொடி இருந்தது. எதுவும் அதில் ஒட்டாது. தோசைக்கும் ஒட்டவில்லை, தண்டுக்கும் ஒட்டவில்லை. தண்டை வழுக்கிக்கொண்டு போகவிடும், அமிலத்துக்கும் அசையாது. ஆனால் இரண்டு கெட்ட பழக்கம் உண்டு. சூட்டைக் கடத்தாது, அதனால் வேகமாகச் சுற்றும் தண்டில் தனியாகப் போட்டால் வெந்து உப்பித் தண்டைப் பிடித்துக்கொள்ளும். அழுத்திக்கொண்டே இருந்தால் குளிரிலும் மெல்ல நகர்ந்து இடுக்கு வழியாகப் பிதுங்கும். சுக்கானில் முதல் பழக்கம் தலைகாட்டாது. இரண்டாவதற்கு, அளவாக இறுக்கினால் சரி.

கேள்வி: எங்கள் எண்ணெய் ஆலையில் பம்பு கிளாண்டுக்குக் கறுப்புக் கயிறு போட்டதிலிருந்து எண்ணெயில் கறுப்புப் பொடி தெரிகிறது.
– எண்ணெய் ஆலை மேலாளர், வெள்ளகோவில்

பதில்: தெரியாமல் என்ன செய்யும்? நாளைக்கே கழற்றிவிட்டு, உணவுப் பொருளுக்கு ஏற்றது என்று சான்று உள்ள வெள்ளை டெஃப்லான் கயிறு போடுங்க. கியர் பம்பு மெதுவாகத்தான் சுற்றும், எண்ணெயே மசகாகவும் இருக்கும், அதனால் சூட்டுக்குப் பயப்பட வேண்டாம். தேங்காய் எண்ணெய்க்கு நிறம்தாங்க மானம்.

கேள்வி: கயிற்றை வெட்டி வளையமாகப் போடச் சொல்கிறீர்கள். அப்படியே நீளமாகத் திருகாணி மாதிரி சுற்றி உள்ளே தள்ளினால் வேலை சீக்கிரம் முடிகிறதே?
– பம்பு மெக்கானிக், மூலனூர்

பதில்: தண்ணீருக்கும் வேலை சீக்கிரம் முடியும். அடியிலிருந்து மேல்வரை சுற்றுப்பாதை போட்டுக் கொடுத்திருக்கிறீர்களே, அதிலேயே ஏறி வந்துவிடும்.

முறையாகச் செய்ய அளவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். கிளாண்டுப் பெட்டியின் உள்விட்டத்தில் தண்டின் விட்டத்தைக் கழித்துப் பாதியாக்கினால் கயிற்றின் தடிமன். பெட்டி 60 மி.மீ., தண்டு 40 மி.மீ. என்றால் 10 மி.மீ. கயிறு. பழைய சாமான்கள் இஞ்சில் இருக்கும்: ஒன்றரை இஞ்ச் தண்டு, இரண்டேகால் இஞ்ச் பெட்டி, வருவது மூணு நூல். இங்கேதான் கடைகளில் கோல்மால். மூணு நூல் என்பது ஒன்பதரை மி.மீ. சுமார். அது இல்லை என்று 10 மி.மீ. கயிற்றைக் கொடுத்து, 'சுத்தியால் ரெண்டு தட்டுங்க, சரியாப் போயிரும்' என்பார்கள். தட்டினால் பின்னல் ஒரு பக்கமாகச் சிதைந்து, தட்டின இடத்தில் கட்டி, தட்டாத இடத்தில் தொளதொளப்பு. கொஞ்சம் தடிமன் குறைய வேண்டுமானால் பலகைமேல் வைத்து உருளைக் குழாயால் சப்பாத்திபோல் உருட்டுங்க, சுத்தியைத் தொடாதீங்க.

தண்டின் அளவிலேயே ஒரு கட்டை அல்லது குழாய்த் துண்டு எடுத்துக்கொண்டு, அதில் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, மேலே நீளவாக்கில் ஒரு கோடு இழுத்து, கூர்மையான கத்தியால் 45 டிகிரிச் சாய்வில் அறுத்தால் எல்லா வளையமும் ஒரே அளவில் விழும். நேராக அறுக்கிறவர்களும் இருக்கிறார்கள், குற்றமில்லை. சாய்வாக அறுத்தால் முனைகள் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும், எனக்கு அதுதான் திருப்தி. வளையத்தைத் தண்டில் மாட்டும்போது வாயை அகல இழுக்காமல் முனைகளைப் பக்கவாட்டில் முறுக்கித் திறக்க வேண்டும். இழுத்தால் உள்பக்க நார் அறுந்துவிடும். ஒவ்வொரு வளையத்தையும் அடிவரை தனித்தனியாகத் தள்ளி உட்காரவைத்த பிறகே அடுத்தது. நாலையும் மேலே வைத்துக் கிளாண்டு தட்டை வைத்து ஒரேயடியாக நெருக்கினால் மேல் இரண்டு நசுங்கும், கீழ் இரண்டு காற்று வாங்கும். மூட்டுகளைக் கடிகார மணிபோல் 12, 6, 3, 9 என்று மாற்றி மாற்றி வையுங்க.

கிளாண்டு நட்டை முதலில் கையால் மட்டும் இறுக்குங்க. அப்புறம் ஸ்பேனரால் இந்த நட்டு ஒரு பட்டை, அந்த நட்டு ஒரு பட்டை. ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் தட்டு சாய்ந்து தண்டைக் கடிக்கும். சுக்கானாக இருந்தால் ஒவ்வொரு பட்டைக்கும் ஒருமுறை சுக்கானை முழு வலம், முழு இடம் திருப்பிப் பாருங்க. கை கனக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டு அரைப் பட்டை பின்வாங்குங்க. ஒழுக்கு நின்றது ஆனால் சுக்கான் திரும்பவில்லை என்றால், அந்தப் படகில் நான் ஏற மாட்டேன்.

கேள்வி: பழைய கயிற்றைப் பிடுங்காமல் மேலே ஒரு வளையம் மட்டும் சேர்த்தால் என்ன?
– அதே மெக்கானிக்

பதில்: அவசரத்துக்குக் கரை சேர உதவும். கரை சேர்ந்தும் அப்படியே விட்டால், அடியில் கிடக்கும் கட்டைக் கயிறு நெருக்குதலைக் கீழே போகவிடாது. மேல் வளையம் ஒன்றே எல்லாப் பாரத்தையும் சுமக்கும். திருகாணி நுனிக் கொக்கி கடையில் கிடைக்கிறது. அதை வைத்துக் கடைசித் துணுக்கு வரை பிடுங்கி, விளக்கடித்து அடியைப் பாருங்க. முக்கியம்: படகு தண்ணீரில் இருக்கும்போது, கிளாண்டு நீர்மட்டத்துக்குக் கீழே என்றால், பிடுங்குகிற ஆசையே வேண்டாம். கயிறு வெளியே வரும், கடல் உள்ளே வரும்.

கேள்வி: கோவில் தெப்பக்குளத்து மோட்டாருக்குக் கொழுப்பு ஊறிய கயிறு போட்டிருப்பதாக ஒருவர் கிளப்பிவிட்டார். உண்மையா?
– பக்தர், வெள்ளகோவில்

பதில்: பழைய வகை நார்க் கயிறுகளில் விலங்குக் கொழுப்பு ஊறவைப்பது உண்டுதான். 1857இல் தோட்டாவில் தடவியிருக்கிறது என்ற பேச்சே ஒரு பட்டாளத்தைக் கிளப்பியது. நான் தெப்பக்குளத்தில் விளையாட வரவில்லை. டெஃப்லான் அல்லது கனிம எண்ணெய் கிரீஸ் ஊறிய கயிறு என்று கேட்டு வாங்கிப் போட்டுவிடுங்க. 'சைவக் கயிறு' என்று கேட்டால் கடையில் முழிப்பார்கள்.

கேள்வி: இந்தக் கயிறு அடைக்கும் யோசனை முதலில் யாருக்கு வந்தது?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: பேர் பதிவானது இங்கிலாந்தின் சாமுவேல் மோர்லண்டுக்கு. 1670களில் அவர் காப்புரிமை வாங்கிய பம்பில் கிளாண்டுப் பெட்டி இருந்தது. அடுத்த நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட் நீராவி இன்ஜினின் சிலிண்டர் தலையை மூடினார். மூடியதும் பிஸ்டன் தண்டு போய்வர ஓட்டை வேண்டும், ஆவியும் போகக்கூடாது. சணலும் கொழுப்பும் திணித்துத்தான் சமாளித்தார்கள். மூன்றரை நூற்றாண்டு ஆகியும் திணிக்கிற சாமான் மாறியதே ஒழிய திணிப்பது மாறவில்லை.

கேள்வி: துப்பாக்கிக் குண்டு துளைக்காத சட்டை நூலில் கிளாண்டு கயிறு வருகிறதாமே. சுக்கானுக்கு அதைவிட உறுதி எது?
– முன்னாள் ராணுவ வீரர், சிவகிரி

பதில்: சுக்கான்மேல் யாரும் சுடப்போவதில்லையே அண்ணா. அது அராமிட் நார். 1965இல் ஸ்டெஃபனி குவோலெக் என்ற அம்மையார் டுபான்ட்டில் கண்டுபிடித்தது. மணல் கலந்த நீர், சேறு இறைக்கிற பம்புக்கு அருமை. ஆனால் அவ்வளவு முரட்டு நார் வெண்கல ஸ்லீவையும் மெதுமெதுவாகத் தின்னும். தேய வேண்டியது கயிறா தண்டா என்று கேட்டால், மலிவான கயிறே தேயட்டும் என்பதுதான் என் கணக்கு.

கேள்வி: எங்கள் ஆலை வால்வுகளில் இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் கயிறுதான். அப்பா காலத்திலிருந்து ஒன்றும் ஆகவில்லை. மாற்றித்தான் ஆக வேண்டுமா?
– அரிசி ஆலைக் குடும்பத்துப் பெண், காங்கேயம்

பதில்: மாற்றித்தான் ஆக வேண்டும் அம்மிணி. இதில் எனக்குத் தமாஷ் வராது. அந்த நார் நுரையீரலுக்குள் போனால் நோய் தலைகாட்ட இருபது, முப்பது, நாற்பது வருசம் எடுத்துக்கொள்ளும். அப்பா காலத்தில் ஒன்றும் ஆகவில்லை என்பது அந்தக் கயிற்றுக்குச் சாதகமான சாட்சி இல்லை. பிடுங்கியது யார், இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரித்துப் பார்த்திருக்கிறீர்களா? கப்பல்களில் 2011 ஜனவரி 1 முதல் எந்தப் பாகத்திலும் புதிதாக ஆஸ்பெஸ்டாஸ் பொருத்தக்கூடாது என்று சோலாஸ் விதி. சுக்கான் கிளாண்டும் அதில் அடக்கம். கப்பலுக்கு ஆகாதது ஆலைக்கு மட்டும் ஆகுமா? நீராவி வால்வுக்குச் சுத்த கிராஃபைட் கயிறு போதும். இங்கே உப்புநீர் இல்லை, கடலில் நான் குறை சொன்ன அதே கரி இங்கே நல்ல பிள்ளை. பழையதைப் பிடுங்கும்போது நன்றாக நனைத்துப் பிடுங்கச் சொல்லுங்க, முகமூடி போடச் சொல்லுங்க. கம்ப்ரசர் காற்றடித்துச் சுத்தம் செய்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: இந்தக் காலத்தில் கயிறு எதற்கு? ரப்பர் சீல், மெக்கானிக்கல் சீல் என்று எத்தனையோ வந்துவிட்டதே.
– என்ஜினீயர், கோவை

பதில்: வந்துவிட்டது. கிணற்று நீர்மூழ்கி மோட்டார்களில் மெக்கானிக்கல் சீல் வந்து என் கயிறு வியாபாரத்தில் பாதியைச் சாப்பிட்டும்விட்டது. ஆனால் அது ஓயாமல் சுற்றும் தண்டுக்குப் பிறந்தது. அரைகுறையாகத் திரும்புகிற சுக்கானுக்கு அவ்வளவு ஆடம்பரம் தேவையில்லை. ரப்பர் சீல் சுக்கானுக்கு நல்லதுதான், புதுப் படகுகளில் போடுகிறார்கள். பிளவு இல்லாத சீல் கிழிந்தால் தண்டையே உருவி எடுத்துத்தான் மாற்ற முடியும். கயிற்றைத் தண்டு இருந்தபடியே சுற்றிப் போட்டுவிடலாம். கரையோரத்தில் பட்டறை எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்க.

கேள்வி: உங்கள் பதிலைச் சிநேகிதருக்கு வாசித்துக் காட்டினேன், ஆளி நாருக்கே சம்மதித்துவிட்டார். எப்போது மாற்றுவது? உங்கள் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாமா?
– மீண்டும் காங்கேயம் அரிசி ஆலைக்காரர்

பதில்: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். எப்படியும் படகு கரையேறும், பெயின்ட் அடிப்பீர்கள், பலகை பார்ப்பீர்கள். அப்போதே புஷ்ஷையும் பார்த்துக் கயிற்றையும் மாற்றிவிடுங்க. தடைக்காலத்தின் கடைசி வாரத்துக்குத் தள்ளிப் போடாதீங்க, ஊரில் இருக்கிற அத்தனை லேத்தும் அப்போது படகுக்காரர்கள் கையில் இருக்கும். அதுவரை கிளாண்டில் கிரீஸ் கப் இருந்தால் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் தண்ணீரில் கரையாத கிரீஸை ஒரு திருகு கொடுங்க.

எங்கள் கடையில் ஆளி நார் வைப்பதில்லைங்க, இங்கே வாங்க ஆளில்லை. தூத்துக்குடியிலேயே படகு சாமான் விற்கும் கடைகளில் கேளுங்க. வாங்கும்போது நுனியைப் பிரித்து நடு நூலைத் தொட்டுப் பாருங்க. நடுவிலும் பிசுபிசுப்பு இருந்தால் ஊறவைத்துப் பின்னிய சரக்கு. மேலே மட்டும் பிசுக்கு, உள்ளே வறண்டிருந்தால் பின்னிய பிறகு பூசியது, ஒரு சீசன் தாங்காது. மாதிரிக்கு ஒரு முழம் எனக்கும் கொண்டு வாங்க, மூலனூர் மெக்கானிக்குக் காட்ட வேண்டும். கூடவே கருவாடு வாங்கினால் தனிப் பையில் போடுங்க. இரண்டையும் ஒன்றாகக் கட்டிக்கொண்டு வந்தால் பஸ்ஸில் காங்கேயம் வரை உங்களை ஏற்ற மாட்டார்கள்.